எலிக்குள் தெரியும் அந்தச் சிவப்பு: மார்பகப் புற்றுநோய் ஆய்வில் பல ஸ்கேன்களை ஏன் சேர்க்கிறார்கள்?

போன வாரம் பெரியம்மா ஒரு வாட்ஸ்அப் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு சுண்டெலி மல்லாந்து கிடக்கிறது. அதன் அடிவயிற்றோரம் நீலம், பச்சை, மஞ்சள், நடுவில் ரத்தச் சிவப்பு என்று ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொரு படம். அதில் வட்டத்தைக் காணோம். ‘சிவப்பாகத் தெரிவதுதான் மார்பகப் புற்றுநோய். மருந்து கொடுத்ததும் மறைந்துவிட்டது’ என்று கீழே எழுதியிருந்தது.

“நிஜமாவே உள்ள இப்படிச் செக்கச்செவேல்னு எரியுமா?” என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கே மார்பகத்தில் கட்டி எடுத்திருக்கிறார்கள். போகிறபோக்கில் கேட்ட கேள்வி இல்லை அது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

எந்தக் கட்டியும் உள்ளே நீலமாகவோ மஞ்சளாகவோ இருப்பதில்லை. கருவி அளந்தது ஒரு எண்ணிக்கையை மட்டும்தான்: உடம்பின் எந்த இடத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பதை. குறைவாக வந்த இடத்துக்கு நீலம், நிறைய வந்த இடத்துக்குச் சிவப்பு என்று கணினி பூசிவிடுகிறது. டிவி வானிலைச் செய்தியில் வெயில் அதிகமுள்ள மாவட்டத்தைச் சிவப்பாகக் காட்டுவார்களே, அதுபோல. வேலூர் மண் அன்றைக்குச் சிவந்துவிடுவதில்லை. ‘எத்தனைக்கு மேல் சிவப்பு’ என்ற அளவுகோலை மாற்றினால் அதே எலியின் அதே கட்டி நீலமாகிவிடும். அதனால் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையின் எண்கள் இரண்டிலும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபார்வர்டு படங்களில் பெரும்பாலும் அந்தப் பட்டையையே வெட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். அது ஒரே படம் இல்லை, இரண்டு படங்கள். விளக்கைப் போட்டு எலியை எடுத்த சாதாரண கறுப்பு வெள்ளைப் படம் அடியில் இருக்கிறது. விளக்கை அணைத்து, இருட்டுப் பெட்டிக்குள் எலியின் உடம்பிலிருந்து கசிந்த வெளிச்சத்தை மட்டும் பிடித்த படம் அதன் மேல் இருக்கிறது. அடிப்படம் இல்லாவிட்டால் கறுப்பில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். அது காலா, நெஞ்சா, வயிறா என்று தெரியாது. ஒரே உடம்பை ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் படம் எடுத்துச் சேர்த்து வாசிப்பதற்குப் பல்முறைப் படமாக்கல் என்று பெயர். அதன் மிக எளிய வடிவம் பெரியம்மாவின் மொபைலிலேயே இருந்தது.

தேங்காய் வாங்குகிறவரைப் பாருங்கள்

சந்தையில் தேங்காய் வாங்கத் தெரிந்தவர் காதருகே வைத்து ஆட்டுவார். தண்ணீர் தளும்பினால் முற்றிய காய். விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். கண் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். இருந்தால் உள்ளே அழுகல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்வி. ஆட்டிப் பார்ப்பதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண் பக்கத்து ஈரம் அதில் தெரியப்போவதில்லை.

ஸ்கேன்களும் அப்படித்தான். ‘இருப்பதிலேயே நல்ல கருவி ஒன்றை வாங்கினால் போதாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். போதாது. எம்.ஆர்.ஐ. எவ்வளவு உசத்தியானாலும் பெட் ஸ்கேன் சொல்வதைச் சொல்லாது. கேள்வியே வேறு.

உடைத்துப் பார்த்தால் எல்லாம் தெரியுமே என்றால், தெரியும்தான். ஆனால் உடைத்த தேங்காய் அடுத்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க முடியாது. ஆய்வகத்தில் எலிகளுக்கு நெடுங்காலம் நடந்தது அதுதான். கட்டி 7, 14, 21, 28-ஆம் நாட்களில் எப்படி இருக்கிறது என்று அறிய, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூட்டம் எலிகளைக் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு 8 எலிகள், மருந்து கொடுத்தது ஒரு பக்கம், கொடுக்காதது ஒரு பக்கம் என்று வைத்தால் 64 எலிகள். அதே 16 எலிகளை உயிரோடு நான்கு முறை படம் எடுத்தால் 16 போதும். அதோடு, போன வாரத்து எலியும் இந்த வாரத்து எலியும் ஒன்றே என்பதால் ஒப்பீடும் நேர்மையாக இருக்கும். ரஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1959-இல் விலங்கு ஆய்வுக்கு மூன்று நெறிகள் சொன்னார்கள்: முடிந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. உயிரோடு படம் எடுப்பது இரண்டாவதற்கு நேரடியாக உதவுகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

எந்த எலி, எந்தக் கட்டி

பெண் சுண்டெலிக்கு ஐந்து ஜோடி பால் சுரப்பிகள், கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை. அதனால்தான் ‘மார்பகப் புற்று’ எலியின் அடிவயிற்றோரம் தெரிகிறது, படம் தப்பில்லை. எடை 20, 25 கிராம்தான்.

இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர் 4டி1. பால்ப்-சி என்ற வெள்ளை எலி வகையில் தானாக வந்த பால் சுரப்பிக் கட்டியிலிருந்து பிரித்து வளர்த்த செல்வகை இது. அதை இன்னொரு பால்ப்-சி எலியின் பால் சுரப்பிக்குள் செலுத்தினால் அங்கே கட்டியாகும். அப்புறம் யாரும் தூண்டாமலே நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று பரவும். மனிதர்களில் மார்பகப் புற்று பரவும் இடங்களும் இவையே என்பதால்தான் இந்த வகைக்கு இவ்வளவு மதிப்பு. மனிதச் செல்களை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் எம்.டி.ஏ-எம்.பி-231 போன்ற வகைகள் உண்டு. ஆனால் அவற்றை நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகளில்தான் வளர்க்க முடியும். இல்லாவிட்டால் எலியின் உடம்பு வெளியாள் என்று விரட்டிவிடும்.

இதுவரை சொன்னது: வண்ணம் கணினி பூசியது. ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உயிரோடு பார்ப்பதால் அதே எலியை வாரக்கணக்கில் பின்தொடரலாம்.

வெளிச்சம்: யார் உயிரோடு இருக்கிறார்கள்?

பெரியம்மா காட்டிய படத்தில் வெளிச்சம் தந்தது மின்மினிப் பூச்சியின் சரக்கு. மின்மினி ஒளிர்வதற்குக் காரணம் லூசிஃபெரேஸ் என்ற நொதி. அதைத் தயாரிக்கும் மரபணுவைப் புற்றுச் செல்களுக்குள் முதலிலேயே புகுத்திவிட்டு, பிறகுதான் எலிக்குள் விடுகிறார்கள். படம் எடுக்கும் நாளில் லூசிஃபெரின் என்ற பொருளை ஊசியில் ஏற்றுகிறார்கள். லூசிஃபெரினும் ஆக்சிஜனும், உயிருள்ள செல் தயாரிக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறும் சேர்ந்தால்தான் நொதி வேலை செய்யும், செல் ஒளிரும். செத்த செல் ஒளிராது. இதுவே உயிரொளிப் படம்.

அந்த ஒளி மிக மிக மங்கல். அதைப் பிடிக்கும் கேமராவின் சில்லைப் பல கருவிகளில் −90 டிகிரி வரை குளிரவைக்கிறார்கள், கேமராவின் சொந்தச் சூடே பொய்ப் புள்ளிகளை உண்டாக்கும் என்பதால். பலன் பெரிது. கையால் தடவித் தெரியாத, எந்த அளவுகோலும் தொட முடியாத சில ஆயிரம் செல்களே தோலுக்கு அருகில் இருந்தால் தெரிந்துவிடும்.

இதன் குறையை வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டில் மொபைல் டார்ச்சின் மேல் விரலை அழுத்தி வையுங்கள். வெள்ளை வெளிச்சம் உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வரும். பச்சையையும் நீலத்தையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்புதான் தப்பிக்கிறது. சரி, விரல் எலும்பு தெரிகிறதா? அவ்வளவு வெளிச்சத்திலும் தெரியாது. ஒளி சதைக்குள் நேராகப் போவதில்லை. பனிமூட்டத்தில் லாரி விளக்கு போலச் சிதறிவிடுகிறது. எலிக்குள்ளும் இதே கதைதான். ஆழத்தில் இருக்கும் கட்டி மங்கலாகவும் பரந்தும் தெரியும். எந்த உறுப்பில், எத்தனை மில்லிமீட்டர் என்று உயிரொளியால் சொல்ல முடியாது.

உருவம்: எங்கே, எவ்வளவு பெரிது?

அதைச் சொல்வதற்கு சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும். சி.டி. என்பது சுற்றிச் சுற்றி எடுத்த எக்ஸ்ரேக்களைக் கணினி சேர்த்துக் கட்டும் உருவம். எலும்பையும் காற்று நிறைந்த நுரையீரலையும் அருமையாகக் காட்டும். எலிக்கான சிறிய சி.டி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் பிரித்துக் காட்டும். நுரையீரலின் கறுப்பில் மிளகைவிடச் சின்னதாக வெள்ளை முடிச்சு இருந்தால் கண்ணில் படும். ஆனால் சதைக்கு நடுவில் சதைக்கட்டி இருந்தால் இரண்டும் ஒரே சாம்பல்.

அங்கே எம்.ஆர்.ஐ. வேண்டும். அது உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை வலுவான காந்தத்தால் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைக் கேட்கிறது. காந்தத்தின் வலுவை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். மருத்துவமனைக் கருவி பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. எலிக்கு 7, 9.4 டெஸ்லா என்று போவார்கள், உறுப்புகள் அவ்வளவு சிறியவை. எம்.ஆர்.ஐ.க்கு இன்னொரு திறமை உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளக்கும். செல்கள் நெருக்கியடித்து இருக்கும் கட்டிக்குள் தண்ணீருக்கு நகர இடமில்லை. மருந்தில் செல்கள் செத்துச் சுவர்கள் உடைந்தால் தண்ணீர் விடுபட்டு ஓடும். கட்டியின் பருமன் இம்மியும் குறையாத நாட்களிலேயே இந்த மாற்றம் தெரிந்துவிடும்.

பசி: யார் அதிகம் தின்கிறார்கள்?

பெட் ஸ்கேன் உருவத்தைப் பற்றிக் கேட்பதில்லை, பழக்கத்தைப் பற்றிக் கேட்கிறது. பல புற்றுச் செல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கவனித்தார். எஃப்.டி.ஜி. என்பது சர்க்கரையைப் போலவே இருக்கும் ஒரு பொருள், ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியது. செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும், ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே தேங்கிவிடும். ஃப்ளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்ற துகளை வெளியிடும். அது பக்கத்து எலக்ட்ரானோடு மோதி இரண்டும் மறைய, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். எலியைச் சுற்றி வளையமாக உணரிகள். எதிரெதிர் உணரிகள் ஒரே கணத்தில் தட்டினால், சம்பவம் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில்தான் நடந்திருக்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே படமாகிறது. ஃப்ளூரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். எனவே எல்லாமே கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை.

இரவில் மொட்டை மாடியில் நின்று ஊரைப் பார்ப்பது பெட். எந்தத் தெருவில் வெளிச்சம் என்று தெரியும், வீட்டுச் சுவர் தெரியாது. பகலில் எடுத்த ஊர் வரைபடம் சி.டி. சுவரெல்லாம் தெரியும், யார் முழித்திருக்கிறார்கள் என்று தெரியாது. இரண்டையும் அடுக்கினால்தான் ‘மூன்றாம் தெரு, ஐந்தாம் வீட்டில் விளக்கு எரிகிறது’ என்று சொல்லலாம். இரண்டையும் ஒரே கருவியில் வைத்த முதல் பெட்-சி.டி. டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் உருவாக்கியது. 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வந்தது.

லேசர் ஒளி பட்டு ரத்தம் எழுப்பும் மெல்லிய ஒலியைக் கேட்டு ஆக்சிஜன் அளவை அறியும் ஒளியொலிப் படமும் உண்டு. எலியின் தோலில் சின்னக் கண்ணாடிச் சன்னல் பொருத்தி, செல்கள் ஊர்வதை நுண்ணோக்கியில் நேரே பார்க்கும் முறையும் உண்டு. இங்கே பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுருக்கமாக: உயிரொளி ‘உயிரோடு இருக்கிறதா?’ என்று கேட்கிறது. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் ‘எங்கே, எவ்வளவு?’ என்று கேட்கின்றன. பெட் ‘என்ன செய்துகொண்டிருக்கிறது?’ என்று கேட்கிறது.

அடுக்குவதுதான் கஷ்டம்

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் எப்போதாவது ஒரு பிசகு இருக்கும். அம்மன் முகத்தில் உதட்டுச் சிவப்பு கொஞ்சம் தள்ளிக் கன்னத்தில் விழுந்திருக்கும். நான்கு நிறங்களைத் தனித்தனியாக அச்சடிக்கும்போது தாள் மயிரிழை நகர்ந்ததால் வந்த வினை. அச்சுக்கூடத்தில் ‘ரெஜிஸ்டர் சரியில்லை’ என்பார்கள். அதைத் தடுக்கத் தாளின் ஓரத்தில் கூட்டல் குறி போல ஓர் அடையாளம் வைத்து, நான்கு நிறக் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்ப்பார்கள்.

எலிப் படங்களைச் சேர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழில் படப் பொருத்தம் எனலாம். வழியும் ஏறக்குறைய அதே. எலிக்கு மயக்கம் கொடுத்து ஒரு சின்னப் படுக்கையில் பொருத்துகிறார்கள். இரண்டு ஸ்கேனிலும் தெரியக்கூடிய திரவம் நிரப்பிய நுண்குழாய்களைப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள், அந்தக் கூட்டல் குறிகளுக்குப் பதிலாக. எலியை எழுப்பாமல், புரட்டாமல், படுக்கையோடு அப்படியே அடுத்த கருவிக்கு மாற்றுகிறார்கள். பிறகு கணினி நகர்த்தி, திருப்பி, தேவைப்பட்டால் கொஞ்சம் இழுத்துப் பொருத்துகிறது.

ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன என்று தோன்றும். சுண்டெலியின் சிறுநீரகமே ஒரு சென்டிமீட்டர்தான். நுரையீரலின் அடிப்பகுதிக்கும் கல்லீரலுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற மெல்லிய தசை மட்டுமே. அது மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் போகிறது. அதனால் மூச்சின் ஒரே கட்டத்தில் கிடைத்த தகவல்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் படம் கட்டுவார்கள். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் முடிச்சின் வெளிச்சம் கல்லீரலில் போய் உட்காரும், ‘கல்லீரலுக்குப் பரவிவிட்டது’ என்று ஒரு பொய்யான முடிவு எழுதப்படும். கன்னத்தில் விழுந்த உதட்டுச் சிவப்பேதான் அது.

வெளிச்சம் அணைந்தால் கட்டி போய்விட்டதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். ஃபார்வர்டு படத்தில் வட்டம் மறைந்திருந்தது. அதற்கு நிஜமாகவே செல்கள் செத்திருப்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் இருக்கின்றன.

4டி1 கட்டி பெரிதானால் அதன் நடுப்பகுதிக்கு ரத்தம் போய்ச் சேராது. ஆக்சிஜன் இல்லாமல் நடுப்பகுதி மங்கும், அழுகவும் செய்யும். எம்.ஆர்.ஐ.யில் கட்டி வாராவாரம் பெருத்துக்கொண்டே போகும். உயிரொளி ஏறாமல் அப்படியே நிற்கும், அல்லது இறங்கும். வெளிச்சத்தை மட்டும் பார்த்தவர் நோய் தணிகிறது என்பார். உண்மையில் அது முற்றியிருக்கிறது.

ரத்தக் குழாய்களைத் தாக்கும் மருந்து கொடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். லூசிஃபெரின் ரத்தத்தின் வழியாகத்தான் கட்டிக்குப் போக வேண்டும். குழாய் அடைபட்டால் அது போய்ச் சேராது. செல் உயிரோடு இருந்தும் ஒளிராது. தெருவில் மின்சாரம் நின்றால் வீடுகள் இருட்டாகும், அதற்காக வீட்டில் ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாதே. ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் எடுத்த படம் என்பதும் முக்கியம். ஒளி பொதுவாக 10, 15 நிமிடத்தில் உச்சத்துக்கு வந்து பின் இறங்கும். ஒரு படத்தை உச்சத்திலும் அடுத்ததை அரை மணி கழித்தும் எடுத்தால் மருந்தே இல்லாமல் ‘குணம்’ தெரியும்.

பெட்டுக்கும் இதே மாதிரி ஏமாற்று உண்டு. நமக்குச் சுகமான 22 டிகிரி அறை எலிக்குக் குளிர். அதற்கு 30 டிகிரி அளவில்தான் இதம். குளிரும் எலி தோள்பட்டைக்கு நடுவிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடுண்டாக்கும், அந்தக் கொழுப்பு எஃப்.டி.ஜி.யை அள்ளும், படத்தில் கட்டியைப் போலப் பளிச்சென்று தெரியும். எனவே நல்ல ஆய்வகங்களில் ஊசிக்கு முன்பே எலியைப் பட்டினி போட்டு, வெதுவெதுப்பாக வைப்பார்கள். புண்ணும் வீக்கமும்கூட சர்க்கரை தின்னும். சி.டி.யைச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பளிச்சிடல் கொழுப்பில் இருக்கிறது, கட்டியில் இல்லை என்று பிரித்தறியலாம். சி.டி.யையும் கணக்கில்லாமல் எடுக்க முடியாது; திரும்பத் திரும்ப எடுத்தால் சேரும் கதிர்வீச்சே கட்டியைப் பாதித்து முடிவைக் கெடுக்கும்.

கடைசியில் எலியின் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, ஸ்கேன் சொன்னது சரிதானா என்று ஒத்துப்பார்ப்பார்கள். அந்தப் படி இல்லாத ஆய்வை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மனிதருக்கு எது வரும், எது வராது

உயிரொளி வராது. நம் கட்டிகளுக்குள் மின்மினி மரபணு இல்லை. அது ஆய்வகத்தோடு நின்றுவிடும் கருவி. அதில் மறைந்த வட்டத்துக்கும் நோயாளியின் ஸ்கேனுக்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது.

பெட் வரும், வந்தும் இருக்கிறது. மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதத்தில் ஹெர்2 என்ற புரதம் செல்லின் மேல் அளவுக்கு மீறி இருக்கும். அதைக் குறிவைக்கும் மருந்து டிராஸ்டுசுமாப். அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. அந்த மருந்து உடம்புக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்க்க, அதனோடு சிர்கோனியம்-89 என்ற கதிரியக்க அணுவைக் கட்டினார்கள். டிராஸ்டுசுமாப் ரத்தத்தில் நாட்கணக்கில் சுற்றும். 110 நிமிடத்தில் பாதியாகும் ஃப்ளூரின் அதற்குத் தாங்காது. சிர்கோனியம்-89 பாதியாக 78 மணி நேரம் ஆகும். முதலில் எலிகளில் சோதித்தார்கள். பிறகு நெதர்லாந்தின் குரோனிங்கனில் 14 பெண்களுக்கு இந்த ஸ்கேனை எடுத்து 2010-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட நான்காம், ஐந்தாம் நாள்தான் படம் தெளிவாக வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு பெரியம்மா உள்ளே போய்த் தன் பழைய பெட்-சி.டி. தாளை எடுத்துவந்தார். சாம்பல் உருவத்தின் மேல் ஆரஞ்சு நிறம். அடிவயிற்றில் பளிச்சென்று ஒரு உருண்டையை விரலால் காட்டி, “மூணு வருஷமா இதைப் பாக்கறப்பல்லாம் பயமா இருக்கு. இங்கயும் இருக்குன்னு யாரும் சொல்லலையே?” என்றார். ரிப்போர்ட்டைப் படித்துப் பார்த்தேன். அது சிறுநீர்ப்பை. எஃப்.டி.ஜி. சிறுநீரோடுதான் வெளியேறும், ஸ்கேனுக்கு முன்னால் ஒருதரம் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னது அதற்காகத்தான். தாளை விளக்கருகே பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். மேல் ஓரத்தில் தெரிந்த இன்னொரு வெளிச்சத்தைத் தொட்டு, “அப்ப இது மூளையா?” என்றார். ஆமாம், நாள் முழுக்கச் சர்க்கரை தின்கிற இடம்தான் அதுவும்.